வாரண்டியில் சேராத பதினோரு நொடி

2009-இல், ஆடி மாதத்து ஒரு புதன்கிழமை, காலை பத்தரை மணிக்கு என் லேப்டாப் நின்றுபோனது. வாங்கிப் பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது. முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு அம்மாளைப் பற்றி டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். தையல் பிரித்தாயிற்று, வீக்கம் வடிந்திருக்கிறது, மாடிப்படி இறங்கும்போது மட்டும் வலி இருக்கிறது என்பது வரைக்கும் நான் தட்டச்சு செய்துவிட்டேன். அதற்குமேல் ஹெட்போனில் அவர் குரல் ஒரே எழுத்தில் சிக்கிக்கொண்டு அறுந்தது. பெட்டிக்குள்ளிருந்து டிக், டிக் என்று யாரோ நகத்தால் தட்டுவதுபோல ஒரு சத்தம். திரை நீலமாகி, பிறகு கறுப்பாகி, ஒரே ஒரு ஆங்கில வரியோடு நின்றது. நான் அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதே வரி. எட்டாவது தடவைக்குப் பிறகு மூடிவைத்தேன்.

அப்போது நான் சிதம்பரத்தில் வடக்கு வீதியை ஒட்டிய ஒரு சந்தில், மாடி அறையில் தனியாக இருந்தேன். முப்பத்தாறு வயது. பண்ருட்டியில் வாழ்க்கைப்பட்டு மூன்று வருடத்தில் கிளம்பி வந்துவிட்டவள். திட்டக்குடியில் அண்ணன் இருந்தான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் செய்வான், இரண்டு நிமிடம் பேசுவான். படித்த ஊர் என்பதைத் தவிர சிதம்பரத்துக்கு நான் வரக் காரணம் வேறொன்றும் இல்லை. கீழே வீட்டுக்காரர்கள் நடராஜர் கோயிலை நம்பி இருக்கும் குடும்பம். அசைவம் சமைக்கக் கூடாது, கோலத்தை மிதிக்கக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு அறையைக் கொடுத்திருந்தார்கள். இரண்டையும் மீறாமல் இருந்தேன். அதனாலேயே எங்களுக்குள் பேசிக்கொள்ள எதுவும் இருக்கவில்லை.

வேலை, டாக்டர்கள் பேசுவதை எழுத்தாக்குவது. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் விவரத்தை வாயால் சொல்லிப் பதிவு செய்வார்கள். அவர்களுக்குச் சாயங்காலம் ஆகும்போது நமக்குக் காலை. பதிவுகள் புதுச்சேரியில் இருந்த ஒரு சிறிய கம்பெனிக்கு வரும். அங்கிருந்து இணையம் வழியாக எனக்கு. நான் காலால் பெடலை மிதித்து நிறுத்தி நிறுத்திக் கேட்டு, தட்டச்சு செய்து, மாலைக்குள் அனுப்பிவிட வேண்டும். அனுப்பியதும் பதிவை அழித்துவிட வேண்டும். நோயாளிகளின் ரகசியம் என்பதால் அதைக் கையெழுத்துப் போட்டே ஒப்புக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒதுக்கியிருந்த டாக்டர் எலும்பு மருத்துவர். இரண்டு வருடமாக வாரத்தில் ஐந்து நாள் அவர் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. பதிவில் ஒரு எண்தான் இருக்கும். ஆனால் தொடங்கும்முன் தொண்டையைச் செருமுவார் என்பது தெரியும். வியாழக்கிழமை பேச்சில் களைப்பு இருக்கும். சில நாள் வீட்டிலிருந்து பேசுவார். அப்போது பின்னால் ஒரு நாய் குரைக்கும், அவர் மைக்கைப் பொத்திக்கொண்டு அதை அதட்டுவார். வலது என்று சொல்லிவிட்டு இடது முழங்காலைப் பற்றிப் பேசுவது அவர் வழக்கம். முதல் பத்தியைப் பார்த்துச் சரி செய்துகொள்ள நான் பழகியிருந்தேன்.

முந்தைய டிசம்பரில் ஒருநாள், கடைசி நோயாளியைப் பற்றிச் சொல்லி முடித்த பிறகும் அவர் பதிவை நிறுத்தவில்லை. கொஞ்சம் தயங்கினார். பிறகு, இதைத் தட்டச்சு செய்பவர் யாரோ எனக்குத் தெரியாது, வருடம் முழுக்க நான் முணுமுணுத்ததைப் புரிந்துகொண்டதற்கு நன்றி, உங்கள் வீட்டில் எல்லோருக்கும் வாழ்த்துகள் என்று சொன்னார். பதினோரு நொடி. அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, 'கரண்ட் பில்' என்று பெயர் வைத்த ஃபோல்டருக்குள் போட்டுவைத்தேன். நான் செய்தது விதிமீறல். அது தெரிந்தேதான் செய்தேன். அதை அடிக்கடி கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். மாதத்துக்கு ஒருமுறை, இரண்டுமுறை கேட்டிருப்பேன்.

லேப்டாப் நின்ற அன்று அதையெல்லாம் நினைக்கவில்லை. வாரண்டி அட்டையைத் தேடி எடுத்து, அதிலிருந்த கட்டணமில்லா எண்ணுக்குப் போன் செய்தேன். பாட்டு ஓடியது. ஒரு பெண் வந்து, பெட்டியைத் திருப்பி அடியில் இருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னாள். பின்கோடு கேட்டாள்.

"சாரி மேடம். உங்க பின்கோடுக்கு வீட்டுக்கே வந்து பாக்குற வசதி இல்ல. கடலூர் சர்வீஸ் சென்டருக்கு நீங்களே எடுத்துட்டுப் போகணும். வேற ஏதாவது உதவி வேணுமா?"

வேண்டாம் என்றேன்.

மறுநாள் காலை பேருந்தில் கடலூர் போனேன். மடியில் பையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்திலும் அதைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். ஏற்கெனவே செத்துப்போன பெட்டிக்கு இனி என்ன ஆகப்போகிறது என்று பாதி வழியில்தான் தோன்றியது. ஆனாலும் தூக்கிப் பிடிப்பதை விடவில்லை.

சர்வீஸ் சென்டர் மஞ்சக்குப்பத்தில், மைதானத்தைத் தாண்டி ஒரு மாடியில் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், டோக்கன், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கர்ப்பிணிப் பெண். படிவத்தை அவளே நிரப்பினாள். எஞ்சினியர் உள்ளேயிருந்து வந்தார். நாற்பது வயதிருக்கும், கண்ணாடி போட்ட, பொறுமையான மனிதர். பெட்டியைக் காதோடு வைத்துக் கேட்டார்.

"ஹார்ட் டிஸ்க் போயிருச்சி மேடம். வாரண்டி இருக்குது, புதுசு போட்டுக் குடுத்துருவோம். சென்னைலேருந்து பார்ட் வரணும். ஒரு வாரம், பத்து நாள் ஆவும்."

"உள்ள இருக்கிறதெல்லாம்?"

"அது வராதுங்க. டேட்டா வாரண்டியில சேராது."

அப்போதுதான் எனக்கு 'கரண்ட் பில்' ஞாபகம் வந்தது.

"பழைய டிஸ்க்க நான் எடுத்துக்கலாமா?"

"வாரண்டியில மாத்துனா பழசு கம்பெனிக்குப் போயிரும். நீங்களே வச்சிக்கணும்னா வாரண்டி கிளெய்ம வாபஸ் வாங்கணும், புதுச நீங்க வெளில வாங்கிப் போட்டுக்கணும்." என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. "இருங்க, வேற மிஷின்ல மாட்டிப் பாக்குறேன்," என்று உள்ளே போனார். கதவு திறந்தே இருந்தது. டிக், டிக், டிக் என்று மூன்று தடவை கேட்டது. பிறகு நின்றுவிட்டது. அவர் வெளியே வந்து தலையாட்டினார்.

"முக்கியமா எதாச்சும் இருந்துதா மேடம்? போட்டோ, கல்யாண வீடியோ அந்த மாரி? சென்னைல சில பேரு எடுத்துக் குடுப்பாங்க. கட்டாயம்னு சொல்ல முடியாது."

என்னவென்று சொல்வது? எங்கோ இருக்கும் ஒருவர் யாருக்கென்று தெரியாமல் சொன்ன நன்றி என்றா? அதை வைத்திருந்ததே தப்பு. யாராவது எடுத்துக் கேட்டால் என் வேலை போய்விடும்.

"ஒண்ணும் இல்ல," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

கீழே இறங்கி வந்து புதுச்சேரி ஆபீசுக்குப் போன் செய்தேன். எங்கள் டீம் லீடர் என்னைவிடப் பத்து வயது இளையவள். கெட்டவள் இல்லை, எப்போதும் அவசரத்தில் இருப்பவள்.

"சிஸ்டம் ரெடியானதும் சொல்லுங்கக்கா. உங்க டாக்டர வேற ஆளுக்கு மாத்திட்டேன்."

"யாருக்கு?"

"நம்ம ஆளுதான்."

"அவரு வலது, இடது மாத்திச் சொல்லுவாருன்னு அவுங்ககிட்ட சொல்லிருங்க. முதல் பாராவப் பாத்துப் போடணும். அப்புறம் நாய் குரைச்சா அடுத்த வார்த்தைய விட்டுருவாரு, அத..."

"நோட் பண்ணிக்கிறேங்கா," என்றாள். அவள் எழுதுவதுபோல எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

அதன் பிறகு வந்த நாட்களைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. காலை எழுந்ததும் குளித்துவிட்டு மேசையில் உட்கார்ந்துவிடுவேன். எதிரில் பெடல், ஹெட்போன், பெட்டி இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம். அதைத் துடைத்ததும் சதுரமும் போய்விட்டது. காபி போடுவேன். வீதியில் யாராவது போவதைப் பார்ப்பேன். மூன்றாம் நாள் மத்தியானம் பால் பாக்கெட் வாங்கக் கடைக்குப் போய் வாயைத் திறந்தபோது குரல் கரகரத்து உடைந்து வந்தது. முந்தைய நாள் காலையிலிருந்து நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வேலை இருந்த நாட்களிலும் நான் பேசியதில்லைதான். ஆனால் காதில் ஒரு குரல் இருந்ததால் அது தெரியவில்லை.

ஏழாம் நாள், யாரும் கூப்பிடாமலே கடலூருக்குக் கிளம்பினேன்.

"பார்ட் இன்னும் வரலயே மேடம். வந்தா நாங்களே கால் பண்ணுவோமே," என்றாள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்.

"கலெக்டர் ஆபீஸ்ல ஒரு வேலையா வந்தேன். அப்படியே கேட்டுட்டுப் போலாம்னு."

எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. டோக்கனும் வாங்காமல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் வந்தார்கள், எண் சொல்லிக் கூப்பிட்டார்கள், யாரோ அடாப்டர் பற்றிச் சண்டை போட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை. துணிக்கடைப் பைக்குள் பெட்ஷீட்டில் சுற்றிய ஒரு லேப்டாப். தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு மீனவ ஊர் என்றும், லேப்டாப் மகளுடையது என்றும், மகள் சென்னையில் எஞ்சினியரிங் படிக்கிறாள் என்றும் நான் கேட்காமலே சொன்னார். லீவுக்கு வந்தபோது கெட்டுப்போனதாம். பில் இங்கே போட்டது என்பதால் அப்பாவிடம் விட்டுவிட்டுப் போய்விட்டாளாம்.

"நீ என்னாம்மா வேல பாக்குற?"

"டாக்டருங்க பேசுறத டைப் அடிக்கிறேன்."

"எந்த ஆஸ்பத்திரி?"

"அமெரிக்காவுல. அவரு அங்க பேசுவாரு, நான் இங்க கேட்டு அடிப்பேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "நீ பேசுனா அவுருக்குக் கேக்குமா?"

"கேக்காது."

"நீ ஒருத்தி இருக்கறது அவுருக்குத் தெரியுமா?"

"யாரோ இருக்காங்கன்னு தெரியும்."

"நடுக்கடல்ல எங்க போட்டு ஒயர்லெஸ்ஸு ஒருவாட்டி அப்பிடி ஆயிப்போச்சி. கரையில பேசறது எல்லாம் கேக்குது. எங்கள எங்க எங்கன்னு தேடுறானுவோ, எம் பொண்டாட்டி அழுவுறா, எல்லாம் கேக்குது. நாங்க பேசுறது ஒண்ணும் அவுங்களுக்குப் போவல. ரெண்டு நாளு." சொல்லிவிட்டுச் சிரித்தார். "அதுக்கு ஒண்ணுமே கேக்காம இருந்தா தேவலாம்னு தோணிப்போச்சி."

நான் சிரிக்கவில்லை. நல்லவேளை, அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பத்து நிமிடத்தில் அங்கே குரல் உயர்ந்தது. எஞ்சினியர் லேப்டாப்பைப் பிரித்து உள்ளேயிருந்த போர்டைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாருங்க, துரு புடிச்சிருக்கு. தண்ணி பட்டுருக்கு. தண்ணி பட்டா வாரண்டி கெடையாதுங்க."

"சார், கடலுக்குப் போறது நானு. பொட்டி வூட்டு பீரோவுலதான் இருந்துது. உப்புக் காத்து வூட்டுக்குள்ள வர்றதுக்கு நான் என்னா சார் பண்ணுவேன்?"

"ரூல்ஸ் அப்பிடி. நான் என்ன பண்றது?"

மீனவர் திரும்பி என்னைப் பார்த்தார். உதவி கேட்டெல்லாம் பார்க்கவில்லை. இருக்கிற ஒரே தெரிந்த முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். நான் எழுந்து போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. பொது இடத்தில் குரல் உயர்த்துகிறவள் இல்லை நான். பண்ருட்டியில் உயர்த்த வேண்டிய இடத்திலேயே உயர்த்தாமல் வந்தவள்.

அவருடைய வாரண்டி அட்டையை வாங்கிப் படித்தேன். ஆங்கிலத்தில் பொடி எழுத்து. மருத்துவ அறிக்கையில் ஒரு சொல் மாறினால் என்ன ஆகும் என்று இரண்டு வருடம் பழகிய கண்.

"இதுல திரவம் கொட்டினாத்தான் கெடையாதுன்னு போட்டிருக்கு. காத்து ஈரத்தப் பத்தி ஒண்ணும் இல்ல."

"மேடம், ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணுன்னா அப்படியே எழுதிக் குடுங்க. திரவம் கொட்டியிருக்கு, கொட்டின இடம் இதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அவரு எடுத்துட்டுப் போவட்டும்."

எஞ்சினியர் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொட்டியிருந்தால் ஒரு பக்கம் கறை இருக்க வேண்டும். துரு நான்கு மூலையிலும் ஒரே மாதிரி இருந்தது. உள்ளே போய் யாருடனோ போனில் பேசிவிட்டு வந்தார்.

"ரீஜனல் ஆபீசுக்குப் போட்டோ எடுத்து அனுப்புறேன். அவுங்க ஓகேன்னா மாத்திக் குடுத்துருவோம். ஒரு கான்டாக்ட் நம்பர் வேணும். அவுங்க இங்கிலீஷ்லதான் பேசுவாங்க."

மீனவர் தயங்கினார். நான் என் எண்ணைக் கொடுத்தேன்.

அடுத்த பத்து நாள் எனக்குப் போன் வந்தது. வேறொருவருடைய லேப்டாப்புக்காக. வாங்கிய தேதி, பெட்டியை வைத்திருந்த இடம், ஜன்னலுக்கும் பீரோவுக்கும் எத்தனை அடி என்றெல்லாம் கேட்டார்கள். அவருக்குப் போன் செய்து கேட்டுத் திருப்பிச் சொன்னேன். பாதி நேரம் அவர் கடலில் இருப்பார். அவர் மனைவி எடுப்பார். "அவுரு கடலுக்குப் போயிருக்காரும்மா, நீ சாப்ட்டியா?" என்பார். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி. நானும் சாப்பிட்டேன் என்பேன், சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும்.

பதினேழாம் நாள் என் பெட்டி தயாரென்று கூப்பிட்டார்கள். அவருக்கும் போர்டு வந்துவிட்டது. கம்பெனி ஒப்புக்கொண்டிருந்தது. இருவரும் ஒரே நாளில் போய் வாங்கினோம். என் லேப்டாப்பைத் திறந்து காட்டினார் எஞ்சினியர். வாங்கிய நாளில் இருந்ததுபோலச் சுத்தமாக, நீல வானம், பச்சைப் புல். ஒரு ஃபோல்டரும் இல்லை. "நல்லா இருக்குதா மேடம்?" என்றார். நல்லா இருக்கு என்றேன்.

மீனவர் ஒரு பிளாஸ்டிக் பையை என் கையில் திணித்தார். வஞ்சிரம், காலையில் பிடித்ததாம், துண்டு போட்டு ஐஸ் வைத்திருந்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வீட்டு மாடிக்கு மீனை எடுத்துப் போக முடியாது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? சிதம்பரம் வரைக்கும் ஒரு கையில் லேப்டாப், காலடியில் மீன். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைச் சுளித்து வேறு இடம் பார்த்துப் போனாள். ஊர் வந்து இறங்கியதும் நிலையத்து வாசலில் பூ விற்கும் பெண்ணிடம் பையை நீட்டினேன். அவள் சந்தேகமாகப் பார்த்தாள்.

"ஏங்கா, கெட்டுப்போயிருச்சா?"

"இல்ல, நல்ல மீனு. எங்க வீட்ல சமைக்க முடியாது."

வாங்கிக்கொண்டாள். அவள் பிரித்துப் பார்த்து, பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டுவதைக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். அந்த மீனைச் சாப்பிட எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

மறுநாள் டீம் லீடருக்குத் தயார் என்று சொன்னேன். வேறொரு டாக்டரை ஒதுக்கினாள், வேகமாகப் பேசும் ஒரு பெண் டாக்டர். பழைய டாக்டரையே திருப்பித் தரச் சொல்லிக் கேட்டேன்.

"அந்தப் பொண்ணே நல்லா பண்றாக்கா. ஒரு எரர்கூட வரல. மாத்துனா கிளையன்ட் கேப்பாங்க."

வலது இடதைப் பற்றிச் சொன்னாயா என்று கேட்க நினைத்தேன். ஒரு தப்பும் வரவில்லை என்கிறாள். யாரோ ஒருத்தி, எங்கோ ஒரு அறையில், என்னைப்போலவே முதல் பத்தியைத் திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். இரண்டு வருடத்தில் நான் கற்றதற்கு அவளுக்குப் பதினேழு நாள் போதுமாக இருந்தது. அன்று முழுவதும் எனக்குக் கோபமாக இருந்தது, யார்மேல் என்று தெரியாமல்.

அந்தக் குரலை மறுபடி கேட்க வாய்க்கவில்லை. பதினோரு நொடியில் அவர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை இப்போதும் நினைவிருக்கிறது. குரல் எப்படி இருந்தது என்பது மட்டும் ஒரு வருடத்துக்குள் போய்விட்டது. மீனவரின் மனைவி இரண்டு தடவை போன் செய்தார். மூன்றாவது தடவை நான் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை.

அடுத்த வருடம் புதுச்சேரி ஆபீசிலேயே உட்கார்ந்து வேலை பார்க்க இடம் இருக்கிறதா என்று கேட்டேன். வீட்டில் சௌகரியமாகத்தானே இருக்கிறது, ஏன் என்றாள் டீம் லீடர். கரண்ட் அடிக்கடி போகிறது என்றேன். ஒரு விடுதியில் அறை பிடித்து, சிதம்பரத்து அறையைக் காலி செய்தேன். வீட்டுக்கார அம்மாள் வாசலுக்கு வந்து, "இருந்த எடமே தெரியாம இருந்தீங்க," என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

ஆபீசில் முதல் நாள் மத்தியானம், சாப்பாட்டு மேசையில் ஒரு பெண் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, "எந்த ஊருக்கா?" என்று கேட்டாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். திட்டக்குடி, சிதம்பரம், இடையில் பண்ருட்டி, அண்ணன், மாடி அறை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சாப்பிட்டு முடித்துவிட்டாள். என் சோறு அப்படியே இருந்தது. கேட்டதற்கு மேல் எவ்வளவு பேசிவிட்டேன் என்பது கை கழுவும்போதுதான் தெரிந்தது.